எங்கிருந்து அளப்பது

வரைபடத்தில் எங்கள் காஞ்சிரவிளை மஞ்சள்.
மஞ்சள் என்றால் ஆள் குடியிருக்கும் இடம் என்று
திட்டக் குழுமத்துச் சார் சொன்னார்.
அண்டி ஆபீஸ் ஊதா.
நடுவில் கிடக்கும் ஜெயசிங் முதலாளியின் ஒன்றரை ஏக்கரை
மஞ்சளிலிருந்து ஊதாவாக்கக் கேட்டு மனு.
வறுப்பு டிரம் இரண்டு, தொண்ணூறடிப் புகைக்கூண்டு,
தோட்டெண்ணெய் பிழிய ஒரு கொட்டகை.
ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள்.

முப்பதாம் நாள் பஞ்சாயத்து ஆபீசில் கறண்டு இல்லை.
இஞ்சினியர் பையன் வியர்வையோடு சொன்னான்:
புகைக்கூண்டிலிருந்து முதல் வீட்டுக்கு
அறுபத்தொரு மீட்டர். அறுபது இருந்தால் போதும்.
டென்னிசன் வாத்தியார் எழும்பினார்:
மதிலிலிருந்து அளந்தால் பதினேழு.
இரண்டு பேர் கையிலும் ஒரே கடையில் வாங்கிய நாடா.

அந்த முதல் வீடு என்னுடையது.
படத்தில் அது ஒரு பெட்டி.
மரச்சீனி நிற்கும் இடத்தில் 'காலி' என்று எழுதியிருக்கிறது.
கிணறு மட்டும் சரியாக, ஒரு வட்டம்.
காலையில் அந்த வெள்ளத்தின் மேல் எண்ணெய்ப் படலம் கிடக்கும்.
வாளியால் ரெண்டு அடி அடித்து
விலக்கிவிட்டுக் கோருவோம்.

"நீங்க ஆதரவா, எதிர்ப்பா?"
அவர் தாளில் இரண்டு பத்திதான்.

பத்தொன்பது வருஷம் அதே ஆபீசில் அண்டி தல்லுகிறேன்.
முழுப் பருப்புக்கு ஒரு கூலி, பிளந்ததற்கு வேறு.
பிஎப் புத்தகம், இ.எஸ்.ஐ. அட்டை,
ஷைனியை நர்சிங் சேர்க்கக் கட்டிய முதல் தவணை,
எல்லாம் அந்தப் புகையிலிருந்து வந்ததுதான்.
வெளுக்கப் போட்ட அவள் வெள்ளைக் கோட்டில்
பொட்டுப் பொட்டாய் விழுந்திருந்த கரியும்.

புதிய கொட்டகை வந்தால் நாற்பது பேருக்கு வேலை என்று
கணக்கர் கிறிஸ்துதாஸ் கதவோரம் நின்றே சொன்னார்.
பொய்யில்லை. அந்த நாற்பதில்
என் தங்கச்சி லதாபாயின் பெயரும் உண்டு.
அவள் எதிர் பெஞ்சில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்,
காற்று திரும்பாத பக்கம், அவள் வீடு.

எழும்பினேன். யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை.
"சாறே, ரெண்டு நாடாவும் சரிதான்.
ராத்திரி ரெண்டு மணிக்கு டிரம் கறங்கும்போ
நான் கட்டில்ல கிடந்து அளக்கேன்.
ஒரு மீட்டரும் காணல்ல."

வாத்தியார்தான் முதலில் கை தட்டினார்.
மாடி கட்டி வாடகைக்கு விட இருக்கிறார், அவர் காரணம் அவருக்கு.
முதலாளி சிரித்தார்.
நாளைக்கு எந்தப் பெஞ்சில் என்னைப் போடுவார்கள்
என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

கையெழுத்தோடு ரேகையும் வேண்டும் என்றார்கள்.
பெருவிரலை மையில் அமுக்கித் தாளில் வைத்தேன்.
"இது ரேகையில்லம்மா, மை."
மற்றப் பெருவிரல். அதுவும் மை.
தோட்டெண்ணெய் தின்ற விரல், ரேஷன் கடையிலும் இதே பாடு.
"சாம்பல் தொட்டுத் தல்ல மாட்டீங்களா?" என்றான் இஞ்சினியர் பையன்,
உண்மையாகவே தெரிந்துகொள்ள.

அப்போது லதா எழும்பி வந்தாள்.
கைலேஞ்சியை வெள்ளத்தில் நனைத்து
என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.
துடைத்துத் துடைத்து அவள் விரலிலும் மை.
அதில் தெளிவாக, சுழி சுழியாய், ரேகை.

என் இடது சுண்டுவிரலில் மூன்று கோடு தேறியது.
எந்தப் பத்தியில் வைத்தேன் என்று அவள் பார்க்கவில்லை,
அல்லது பார்த்துவிட்டாள்.
கைலேஞ்சியைப் பிழிந்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு
பெஞ்சுக்குத் திரும்பினாள்.

முடிவு இல்லை. தள்ளி வைத்திருக்கிறார்கள்.
மறுபடி அளப்பார்களாம், இந்தத் தடவை சர்க்கார் நாடா.
எங்கிருந்து என்று கேட்டதற்கு
அது மேலே இருந்து வரும் என்றார்கள்.

தேதி, ஓணத்துக்கு முந்தின நாள்.
ஆபீசில் போனஸ் கொடுப்பதும் அன்றைக்குத்தான்.
வாங்கிவிட்டுப் போக வேண்டும்.
இல்லாவிட்டால் போய்விட்டு வந்து
வாங்க வேண்டும்.